வடிகஞ்சிப் பாடம்

போன மாதம் சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கும் பெண்கள் இருவர் என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார்கள். வீட்டுச் சமையலில் சிக்கனம், சாப்பாட்டை வீணாக்காமல் இருப்பது எப்படி என்று தாய்மார்களுக்கு வகுப்பு நடத்தப்போகிறார்களாம். அதற்கென்று வண்ணப் படங்கள் அச்சாகி வந்திருந்தன. ஒரு படத்தில் ஓலை வீட்டு வாசலில் சிவப்புச் சேலைக்காரி ஒருத்தி சிரித்துக்கொண்டே சோறு வடிக்கிறாள். அவளுடைய பிள்ளை கிண்ணத்தை நீட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்கிறது. கீழே "கஞ்சியைக் கொட்டாதீர்" என்று எழுதியிருந்தது.

"நீங்க யுத்த காலத்துலயே ஊர் ஊராப் போய் இதெல்லாம் சொல்லிக் குடுத்தீங்களாமே. வந்து நாலு வார்த்தை பேசுங்கம்மா" என்றார்கள்.

முழங்கால் வலி, நடமாட முடியவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். முழங்கால் வலி நிஜம்தான். ஆனாலும் அந்தப் படத்துக்குப் பக்கத்தில் நின்று என்னால் பேச முடியாது. பேசினால் அழுதுவிடுவேன். கிழவி அழுதால் பிள்ளைகள் காப்பி வாங்கிக் கொடுத்து உட்கார வைத்துவிடுவார்கள். சொல்ல வந்தது சொல்லாமலே போய்விடும். அதனால் எழுதுகிறேன். வகுப்பு நடத்துகிற பெண்கள் படித்தால் போதும்.

எனக்குச் சொந்த ஊர் ஆவூர். அப்பா வேதக் கோயிலில் உபதேசியாராக இருந்தார். கலியாணம் என்று ஒன்று நடந்து, மூச்சு விடுவதற்குள் முடிந்தும் போயிற்று. வெள்ளைச் சேலையோடு மூலையில் உட்கார வேண்டாம் என்று பங்குச் சாமியார்தான் திருச்சிக்கு அனுப்பினார். அங்கே கன்னியர்களின் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கவும் காயத்துக்குக் கட்டுப் போடவும் கற்றுக்கொண்டேன். அடியும் வாங்கினேன், திட்டும் வாங்கினேன், சர்டிபிகேட்டும் வாங்கினேன். திரும்பி வந்தபோது புதுக்கோட்டை சமஸ்தானத்தில் வீடு வீடாகப் போய்த் தாய்மாரைப் பார்க்கும் வேலை கிடைத்தது. எனக்கு அப்பவும் இப்பவும் வாய் கொஞ்சம் நீளம். ஊர்களில் என்னை "நர்ஸம்மா" என்பார்கள். நான் அந்தாண்டை போனதும் "வாயாடியம்மா" என்பார்கள். இரண்டும் சரிதான்.

யுத்தம் நடுவழியில் இருந்தபோது பர்மா அரிசி வருவது நின்றது. மழையும் பொய்த்தது. எங்களுடையது கண்மாயை நம்பிப் பிழைக்கிற பூமி. கண்மாய் வறண்டால் அடுப்பும் வறளும். எல்லைக்கு அங்கிட்டு கந்தர்வகோட்டை அப்போது தஞ்சாவூர் ஜில்லா, இங்கிட்டு சமஸ்தானம். எல்லையைத் தாண்டி ஒரு மூட்டை அரிசி வர முடியாது, வழியில் பிடித்துக்கொள்வார்கள். அந்தச் சமயத்தில்தான் மேலிடத்திலிருந்து எங்களுக்கு உத்தரவு வந்தது. இருப்பதை வீணாக்காமல் சமைப்பது எப்படி என்று ஊர் ஊராகப் பெண்களுக்குக் கற்றுக் கொடுக்க வேண்டும்.

என் மேலதிகாரி ஒரு லேடி டாக்டர். சென்னைப் பக்கத்துக்காரர், மலையாளச் சீமையில் சில காலம் வேலை பார்த்தவர். ஒல்லியான உடம்பு, கட்டைக் குரல். சிரித்து நான் பார்த்ததில்லை; கத்தியும் பார்த்ததில்லை. டாக்டரம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அவரிடம் ஒரு பழக்கம். எந்த வீட்டுக்குப் போனாலும் வாசல் வழியே நுழையமாட்டார். நேரே கொல்லைப்புறத்துக்குப் போய் எச்சில் தண்ணீர் ஊற்றுகிற இடத்தையும், மாட்டுக்கென்று வைத்திருக்கும் கழுநீர்ப் பானையையும் பார்ப்பார். குச்சியால் கிளறிப் பார்ப்பார், குனிந்து மோந்தும் பார்ப்பார்.

"அடுப்படியில போய்க் கேட்டா, நமக்குப் பிடிச்ச பதிலாச் சொல்லுவாங்க, சவரியம்மா. கொல்லைக்குப் பொய் சொல்லத் தெரியாது" என்றார் முதல் நாளே.

பாடம் நடத்துவதற்கும் அவர் முறை வைத்திருந்தார். சாமான் எதையும் கையில் கொண்டுபோகக் கூடாது. அந்த வீட்டுச் சட்டி, அந்த வீட்டு விறகு, அந்த வீட்டு அரிசி. சமைத்ததை முதலில் நாங்கள் வாயில் வைத்த பிறகுதான் அந்த வீட்டுக்காரி வைக்க வேண்டும். யாரையும் "ஒனக்குத் தெரியலையே" என்று சொல்லக் கூடாது. என் வாய்க்கு அது ஒன்றுதான் கஷ்டமாக இருந்தது.

பாடம் இதுதான்: அரிசியை இரண்டு தண்ணீருக்கு மேல் கழுவாதே. முதல் தண்ணீர் மாட்டுக்கு, இரண்டாவது தண்ணீர் குழம்புக்கு. மூடி போட்டு வேகவிடு, விறகு மிச்சம். கீரையோடு தண்டையும் சேர். பீர்க்கந்தோல் துவையலுக்கு, வாழைக்காய்த் தோல் பொரியலுக்கு. பூசணித் தோலையும் விடாதே. எல்லாவற்றுக்கும் மேலாக, வடித்த கஞ்சியைக் கொட்டாதே. சத்தெல்லாம் அதில்தான் இறங்கியிருக்கிறது. உப்புப் போட்டு, வீட்டில் நோயாளிப் பிள்ளை இருந்தால் முதலில் அதற்குக் கொடு, அடுத்துப் பால் கொடுக்கிறவள் குடிக்கட்டும். இதை மனசில் ஏற்ற டாக்டரம்மா ஒரு வழி செய்தார். பாடம் முடிந்ததும் நான் "கஞ்சி ஆருக்கு?" என்று கேட்க வேண்டும். பெண்கள் எல்லோரும் "சீக்காளிப் புள்ளைக்கு!" என்று சொல்ல வேண்டும். சின்னப் பிள்ளைகள் அதை விளையாட்டாகக்கூடக் கத்திக்கொண்டு திரிந்தன.

பாடம் எல்லா இடத்திலும் பாயசமாக இறங்கிவிடவில்லை. குளத்தூர்ப் பக்கம் ஒரு குடியிருப்பில், வேலிக்கருகே கூட்டி வைத்து நான் நீட்டி முழக்கிக்கொண்டிருந்தேன். ஒருத்தி முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தாள். "என்ன சிரிப்பு?" என்றேன்.

"கொட்டாதே கொட்டாதேங்கிறீகளே, கொட்டுறதுக்கு எங்ககிட்ட என்ன தாயி இருக்கு? எங்க சட்டியப் பூனை நக்குனாக்கூடப் பட்டினிதான் கெடக்கும்" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். டாக்டரம்மா அவள் வீட்டுக் கொல்லையைப் பார்த்துவிட்டு வந்தார். அங்கே ஒரு பருக்கைகூட இல்லை. கழுநீர்ப் பானை காய்ந்து வெடித்துக் கிடந்தது. அன்றைக்கு அதோடு பாடத்தை நிறுத்தி, வந்த பிள்ளைகளின் கண்ணையும் நாக்கையும் பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

அதே வாரம் ஒரு பண்ணை வீட்டில் பிரசவத்துக்குப் போனோம். டாக்டரம்மா வழக்கம்போலக் கொல்லைக்குப் போனார். முந்தின நாள் விருந்தாம். எச்சில் இலைகள் சோறும் கூட்டுமாகக் குவிந்து கிடந்தன. காக்கையோடு போட்டி போட்டுக்கொண்டு, பண்ணையாள்களின் பிள்ளைகள் இலையை வழித்துத் தின்றுகொண்டிருந்தன. பண்ணை வீட்டு அம்மாள் வெள்ளி டம்ளரில் காப்பி கொண்டுவந்து நீட்டினார். டாக்டரம்மா வேண்டாம் என்று கும்பிட்டுவிட்டார்.

திரும்பும்போது, "இங்கல்லவா பாடம் நடத்தணும்?" என்றேன் நான்.

"முன்னாடியே மேலிடத்துக்குக் கேட்டு எழுதினேன். பெரிய வீடுகளுக்குப் போக வேண்டியதில்லைன்னு பதில் வந்துச்சு" என்றார். சிக்கனத்தை இல்லாதவனுக்குத்தான் சொல்ல வேண்டும் என்று எந்த மகராசன் விதித்தானோ, இன்றைக்கும் அந்தப் படத்தில் கஞ்சி வடிக்கிறவள் ஓலை வீட்டுக்காரிதான்.

இப்போது அடைக்கியைப் பற்றிச் சொல்கிறேன்.

ஆதனக்கோட்டையைத் தாண்டி, சமஸ்தான எல்லையோரமாக ஒரு சின்ன ஊர். பேர் வேண்டாம், அவர்கள் வம்சம் இன்னும் அங்கே இருக்கிறது. அந்த ஊர்ப் பாடத்துக்கு இடுப்பில் ஒரு பயலையும் முதுகுத் தூளியில் கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு வந்தவள் அடைக்கி. பயல் முத்தையா, ஆறு வயசிருக்கும். முறைக்காய்ச்சல் வந்து வந்து, கழுத்து தலையைத் தாங்க மாட்டாமல் அவள் தோளில் சாய்ந்துகிடந்தான். நடக்கிற வயசுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அலைகிறாளே என்று நான் கேலி செய்தேன்.

"நடந்தா மூச்சு வாங்குறான் நர்ஸம்மா" என்றாள்.

அவன் "சின்னாத்தா, தண்ணி" என்றபோதுதான் அவள் பெற்ற பிள்ளை இல்லை என்று தெரிந்தது. மூத்தவள் பிரசவத்தில் இறந்து, இவளை இரண்டாந்தாரமாகக் கட்டியிருக்கிறார்கள். கைக்குழந்தைதான் இவளுடையது. புருஷன் மலாயாவுக்குத் தோட்ட வேலைக்குப் போனவன்; ஜப்பான்காரன் அங்கே புகுந்த பிறகு அவன் இருக்கிறானா இல்லையா என்ற தகவலே இல்லை. வீட்டில் கண் தெரியாத மாமனார் ஒருவர். இத்தனை வாயையும் கூலி வேலை பார்த்து அவள் ஒருத்திதான் மூடிக்கொண்டிருந்தாள்.

பாடம் கேட்ட பெண்களில் அவளைப் போல் ஒருத்தியை நான் பார்க்கவில்லை. மற்றவர்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகு கொட்டாவி விடுவார்கள். இவள் உதட்டை அசைத்து அசைத்து மனப்பாடம் செய்தாள். முடிவில் டாக்டரம்மாவிடம் கேட்டாள்: "அரிசியே கெடைக்கலைன்னா என்னங்க பண்றது? கேப்ப, சோளம்னு எதையாச்சும் வேகவச்சா, அந்தத் தண்ணியிலயும் சத்து இருக்குங்களா?"

"எது வேகுதோ, அதோட சத்து வெந்த தண்ணியிலதாம்மா இறங்கும்" என்றார் டாக்டரம்மா.

சரியான பதில்தான். அன்றைக்கு எங்கள் பக்கத்து அடுப்புகளில் வெந்த எதற்கும் அது சரியான பதில்.

மழைக்காலம் வந்தும் மழை வரவில்லை. அரிசி எல்லையைத் தாண்டத்தானே தடை, கிழங்குக்குத் தடையில்லை. அங்கிட்டிருந்து ஒரு வண்டிக்காரன் மரவள்ளிக்கிழங்கை ஏற்றிக்கொண்டு வந்து ஊர் ஊராக மலிவாக விற்றிருக்கிறான். எங்கள் பக்கத்தில் அப்போது மரவள்ளியைக் கண்ணால் பார்த்தவர்களே குறைவு. அது மாவு எடுப்பதற்கென்று போட்ட கசப்புக் கிழங்கு என்று வாங்கினவர்களுக்குத் தெரியாது. விற்றவனுக்குத் தெரியுமோ என்னவோ, அவனைப் பிறகு யாரும் பார்க்கவில்லை. எங்கள் பாடத்திலும் அந்தக் கிழங்கு கிடையாது. அது வந்து இறங்கிய சேதியே எங்களுக்கு வரவில்லை.

ஒரு நாள் காலையில் தலையாரி ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தான். முத்தையா செத்துப்போனான், சின்னாத்தாக்காரி விஷம் வைத்துவிட்டாள் என்று தாய்மாமன் வெள்ளைச்சாமி பிரேதத்தை எடுக்கவிடாமல் மறித்து நிற்கிறான் என்றான். பெரிய டாக்டர் பட்டாளத்துக்குப் போயிருந்ததால் டாக்டரம்மாதான் போக வேண்டியிருந்தது. பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடுகிற பஸ்ஸில் ஆதனக்கோட்டை வரை போய், அங்கிருந்து சப்-இன்ஸ்பெக்டரோடு நடந்தோம்.

ஊரே அந்த வீட்டு வாசலில் நின்றது. பயலை வாசலில் பாயில் கிடத்தியிருந்தார்கள். அடைக்கியைத் தூணோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அவள் சேலையெல்லாம் மண். கைக்குழந்தை யாரோ ஒருத்தி இடுப்பில் கிடந்து பாலுக்கு வீறிட்டுக்கொண்டிருந்தது. டாக்டரம்மா முதலில் கயிற்றை அவிழ்க்கச் சொல்லி, குழந்தையை அவள் மடியில் போடச் சொன்னார்.

"அவுத்து விடுறீகளா? எங்க அக்கா புள்ளயக் கொன்ன சிறுக்கிங்க இவ!" என்று வெள்ளைச்சாமி மார்பில் அடித்துக்கொண்டான். "அக்கா வழியில அவனுக்குன்னு ஒரு துண்டு வயலு இருக்கு. அது தன் மகளுக்கு வேணும்னு செஞ்சுட்டா. எல்லாரும் ஒரே சட்டிக் கெழங்கத்தான் தின்னுருக்காக. கெழவர் உசுரோட இருக்காரு, இவ இருக்கா, இவ பெத்தது இருக்கு. எங்க புள்ள மட்டும் செத்தான்னா என்னங்க அர்த்தம்?"

அவனைக் குறை சொல்லமாட்டேன். அக்காவைத் தூக்கிக் கொடுத்தவன், அக்கா விட்டுப்போன ஒன்றையும் கொடுத்துவிட்டு நிற்கிறான். அவன் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். மாற்றாந்தாய் சோறு போட்டாலே ஊர் முறத்தில் போட்டுப் புடைத்துப் பார்க்கும். இது செத்த வீடு.

டாக்டரம்மா பயலின் உதட்டையும் நகத்தையும் பார்த்தார். வாயருகே குனிந்து மோந்தார். பிறகு நேரே கொல்லைக்குப் போனார். நானும் சப்-இன்ஸ்பெக்டரும் பின்னால் போனோம்.

கழுநீர்ப் பானைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளாடு கால் விறைத்துச் செத்துக்கிடந்தது. ஊர் முழுக்க வாசலில் நின்றதால் அதை யாரும் கவனிக்கவில்லை. பானைக்குள் கிழங்குத் தோல் மிதந்தது. டாக்டரம்மா சாய்ப்புக் கொட்டகையில் கிடந்த மிச்சக் கிழங்கில் ஒன்றை ஒடித்து, நுனி நாக்கில் வைத்து, உடனே துப்பினார். வாயைக் கொப்பளிக்கத் தண்ணீர் கேட்டார்.

"மலையாளத்துல இதைத் தோலைச் சீவி, மூடாம வேகவச்சு, தண்ணியைக் கொட்டிட்டுத்தான் தின்பாங்க. அங்க சின்னப் பொண்ணுக்குக்கூட இது தெரியும்" என்றார்.

பிறகு அடைக்கியைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்துக்கொண்டார். அவர் கேட்டதும் அவள் சொன்னதும் ஒரு வார்த்தை பிசகாமல் என் காதில் இருக்கிறது.

"கிழங்கைத் தோல் சீவினியாம்மா?"

"இல்லங்க. தோலை வீணாக்கக் கூடாதுன்னு சொன்னீகள்ல. மண்ணு போகக் கழுவி, தோலோடதான் வெட்டிப் போட்டேன். வெந்ததுக்கப்புறம் மாமாவுக்குத் தோலு மெல்ல முடியல. அதுனால உரிச்சு ஆட்டுக்குப் போட்டேன்."

"மூடி போட்டியா?"

"போட்டேங்க. வெறகு மிச்சமாகும்ல."

"வெந்த தண்ணி?"

"கொட்டலைங்க." அதைச் சொல்லும்போது அவள் குரலில் கொஞ்சம் தெம்பு வந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளை தெரிந்த கேள்விக்குப் பதில் சொல்வது மாதிரி சொன்னாள். "ஒரு சொட்டுகூடக் கொட்டலை. நல்லாச் சுண்டக் காச்சி உப்புப் போட்டு வச்சேன்."

"யார் குடிச்சது?"

"முத்தையா மட்டுந்தாங்க."

சப்-இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து பார்த்தார். "நீ குடிக்கலை? கெழவருக்குக் குடுக்கலை?"

"இல்லங்க. அவனுக்கு மட்டுந்தான் குடுத்தேன்."

தன் கழுத்துக்குத் தானே கயிறு திரிக்கிறாளே என்று எனக்குப் பதறியது. "ஏன்னு சொல்லு அடைக்கி" என்றேன்.

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். எனக்கே தெரிந்ததை நானே கேட்கிறேனே என்கிற பார்வை. "கஞ்சி சீக்காளிப் புள்ளைக்குத்தானங்க?" என்றாள். "எனக்கும் பாலு வத்திப்போயித்தான் கெடந்துச்சு. ஆனா அவனுக்குத்தானே மொதல்ல குடுக்கணும்? கசக்குது சின்னாத்தான்னான். மருந்துன்னா கசக்கத்தான் செய்யும், குடிச்சாத்தான் காச்சல் போகும்னேன். தீவாளிக்குன்னு பொத்தி வச்சிருந்த கருப்பட்டியக் கடிச்சுக்கக் குடுத்து, மடியில வச்சுக் குடிக்க வச்சேன். நல்ல புள்ளங்க. முழுசும் குடிச்சுட்டான்."

எங்கள் பாடத்தில் ஒன்றைக்கூட அவள் விட்டுவைக்கவில்லை. தோல், மூடி, தண்ணீர், நோயாளிப் பிள்ளை. நூறு ஊரில் நூறு பேர் அரைகுறையாகச் செய்து பிழைத்துக்கொண்டார்கள். அதே வண்டிக்காரனிடம் கிழங்கு வாங்கிய பக்கத்து வீட்டுக்காரி, பாடமாவது கீடமாவது என்று தண்ணீரைத் தென்னைக்கு ஊற்றியிருக்கிறாள். அவள் பிள்ளைகள் வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தன.

பிரேதப் பரிசோதனையைக் கண்மாய்க்கரையில் ஓலைத் தட்டி மறைவில் வைத்துச் செய்தோம். வேறு இடமில்லை. கருவியை எடுத்துக் கொடுத்தவள் நான். அந்தச் சின்ன வயிற்றில் கருப்பட்டியும் அந்தத் தண்ணீரும் தவிர வேறெதுவும் அவ்வளவாக இல்லை. அவன் கிழங்கைக்கூட அதிகம் தின்றிருக்கவில்லை. அதற்கு மேல் அதைப் பற்றி எழுதமாட்டேன்.

முடித்துக் கை கழுவியதும் சப்-இன்ஸ்பெக்டர் மெதுவாக வந்தார். நல்ல மனுஷர்தான், மேலிடத்துக்குப் பயந்தவர். "கெழங்கு விஷம்னு எழுதிட்டாப் போதும்ங்க. அந்தப் பொம்பளையும் தப்பிச்சிடும். பாடம், கீடம்னு எதுக்கு? உங்களுக்குத்தான் கெட்ட பேரு" என்றார்.

"கிழங்கு விஷம்னு மட்டும் எழுதினா, எல்லாரும் தின்னு அவன் மட்டும் ஏன் செத்தான்னு கோர்ட்டுல வெள்ளைச்சாமி கேட்பான். அதுக்குப் பதில் அந்தத் தண்ணி. அதை இவ ஏன் அவனுக்கு மட்டும் குடுத்தாள்னு கேட்பாங்க. அதுக்குப் பதில் எங்க பாடம். அதை எடுத்துட்டா இவளைத் தூக்குல போட்டுருவாங்க" என்றார் டாக்டரம்மா. "வெந்த தண்ணியிலதான் சத்துன்னு இவகிட்டச் சொன்னவ நான். அப்படியே எழுதுங்க."

ஊரைக் கூட்டி, செத்த ஆட்டைக் கொண்டுவந்து போட்டு, கிழங்கில் இருந்த விஷம்தான், அடைக்கி எதுவும் கலக்கவில்லை என்று சொன்னார். வெள்ளைச்சாமி ஆட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு போய், அக்கா மகனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். ஊர்க்காரர்கள் அவன் பின்னால் போனார்கள். மிச்சக் கிழங்கையெல்லாம் வீடு வீடாக வாங்கிக் குழிவெட்டிப் புதைத்தோம்.

டாக்டரம்மா எழுதியது மேலே போனது. பாடம் என்ற சொல்லை எடுத்துவிட்டுத் திருப்பி எழுதும்படி சொல்லி அனுப்பினார்கள். அவர் எழுதவில்லை. அடைக்கி மேல் வழக்கு நிற்கவில்லை. டாக்டரம்மாவுக்குத்தான் வேலை நிலைக்கவில்லை. வேலைத் தவணை முடிந்ததும் அடுத்த தவணை கொடுக்காமல் அனுப்பிவிட்டார்கள். பஸ் ஏறும்போதுகூட, "கிழங்கைப் பத்தி எல்லா ஊர்லயும் சொல்லியாச்சா?" என்றுதான் கேட்டார். ஊர் ஊராகச் சொன்னேன். "கொட்டாதேன்னும் நீங்கதான் சொன்னீக, இப்பக் கொட்டுன்னும் சொல்றீக. எதம்மா கேக்குறது?" என்று பெண்கள் திட்டினார்கள். என் வாயாடித்தனம் எதுவும் அங்கே உதவவில்லை. ஓய்வு பெறுகிற வரை எந்தப் புதுப் பண்டம் சந்தைக்கு வந்தாலும் நான் முதலில் கேட்டது, இதில் கொட்ட வேண்டியது எது என்பதைத்தான். உங்கள் வகுப்புக்கு என்னிடம் புத்திமதி என்று ஒன்று இருந்தால் அதுதான்.

பயலை எடுத்துக்கொண்டு போன அன்று சாயங்காலம் நடந்ததை இன்னும் சொல்லவில்லை. அதைச் சொல்வதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

வாசல் காலியாகிவிட்டது. அடைக்கி குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டு, பாய் கிடந்த இடத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஊர் முன்னால் அவளுக்குப் பழி தீர்ந்துவிட்டது; இனி ஒருவரும் கொலைகாரி என்று சொல்ல முடியாது. எனக்கு மனசு கொஞ்சம் ஆறியிருந்தது. புறப்படலாம் என்று கையிலிருந்த பையைத் தூக்கினேன்.

"ஒரே சட்டியிலதாங்க எல்லாரும் தின்னோம்" என்றாள் அவள். "எங்களுக்குத் தலை சுத்துனதோட போச்சு. அவனை மட்டும் ஏன் கொன்னுச்சு அந்தக் கெழங்கு?"

நான் டாக்டரம்மாவைப் பார்த்தேன். சொல்லாதீர்கள் என்று கண்ணால் கெஞ்சினேன். காய்ச்சலோடு இருந்தவன், உடம்பில் தெம்பில்லை என்று ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் அவள் வீட்டில் இன்னொரு பிள்ளை வளர்கிறது. நாளைக்கு மறுபடி கிழங்கு வந்தால் மறுபடி தண்ணீரைச் சுண்டக் காய்ச்சுவாள். டாக்டரம்மா அவள் எதிரே தரையில் உட்கார்ந்தார். எந்த வீட்டிலும் உட்காராதவர். விஷம் கிழங்கை விட்டு வெந்த தண்ணீரில் இறங்கிவிடும் என்பதையும், அந்தத் தண்ணீரைச் சுண்டக் காய்ச்சினால் என்ன ஆகும் என்பதையும், அதைச் சொல்லித் தராதது தங்கள் தப்பு, அவள் தப்பு இல்லை என்பதையும் நிதானமாகச் சொன்னார்.

அடைக்கி முழுசும் கேட்டாள். அழவில்லை. குழந்தையை மார்பிலிருந்து எடுத்து, என் பக்கமாக நீட்டினாள். நான் வாங்கிக்கொண்டேன். அவள் தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"காலையில இருந்து ஊரே நின்னு, வெஷம் வச்சவ, வெஷம் வச்சவன்னு சொன்னாக" என்றாள். "கட்டி வச்சு அடிச்சாக. எனக்கு ஒண்ணும் தெரியலங்க. நான் வைக்கலைன்னு எனக்குத் தெரியும்ல, அதை ஒண்ணைப் புடிச்சுக்கிட்டுத்தான் நின்னேன். இப்ப நீங்க வந்து அதையும் வாங்கிக்கிட்டீகளே."